பேர் ஒரு ஊருக்கு, ஓட்டு ஆறு ஊருக்கு

அம்பத்தூரில் பிறந்து, அம்பத்தூரிலேயே படித்து, அங்கேயே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் என்ன வேலை இருக்கும்? ராமானுஜர் அவதரித்த ஊர் என்பதால் ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க ஒருதரம் போயிருக்கலாம். காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது பஸ் ஜன்னல் வழியே ராஜீவ் காந்தி நினைவகத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அவர் ஓட்டுப் போடுவது ஸ்ரீபெரும்புதூர் எம்.பி.க்குத்தான். குரோம்பேட்டையில் இருக்கிற நானும் அப்படித்தான். என் வீட்டிலிருந்து மின்சார ரயிலேறினால் பாரிமுனைக்குச் சீக்கிரம் போய்விடலாம். ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டுமானால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும்.

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆசிரியைக்குப் பாடம் நடத்துவது பாதி வேலை என்றால், மீதி வேலை அரசாங்கக் கணக்கெடுப்பு. மக்கள்தொகைக் கணக்கு, வாக்காளர் பட்டியல், தேர்தல் டூட்டி என்று எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) என்று ஒரு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த காலத்தில்தான் இந்தத் தொகுதியின் மேல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. யார் ஜெயித்தார்கள், எவ்வளவு ஓட்டில் ஜெயித்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்க ஆரம்பித்தேன். பேத்தி அதை "பாட்டியோட கிரிக்கெட் ஸ்கோர்" என்கிறாள்.

அந்த நோட்டில் முதலில் கண்ணில் பட்டது இதுதான்: ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி 1967இல் முதல் தேர்தலைச் சந்தித்தது. அதிலிருந்து 2024 வரை 15 பொதுத்தேர்தல்கள். மாநிலத்தில் எந்த அணி அதிக இடம் பிடித்ததோ, ஸ்ரீபெரும்புதூர் ஒவ்வொரு முறையும் அந்த அணிக்கே போயிருக்கிறது. தோற்ற பக்கம் இது ஒருமுறைகூட நின்றதில்லை. 1967இலும் 71இலும் தி.மு.க., 77இல் அ.தி.மு.க., 80இல் மறுபடி தி.மு.க., 84, 89, 91 மூன்றிலும் காங்கிரஸ், 96இல் தி.மு.க., 98இல் அ.தி.மு.க., 99இலும் 2004இலும் தி.மு.க. மாநிலக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

இதில் ஒரு விசேஷம். 2004 வரை இருந்த ஸ்ரீபெரும்புதூரும் 2009இலிருந்து இருக்கிற ஸ்ரீபெரும்புதூரும் பேரளவில்தான் ஒன்று. ஆட்கள் வேறு, நிலம் வேறு. பழையது தனித் தொகுதி, பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. ஏரிப் பாசனமும் நெல்லும் செங்கல் சூளையுமாக, திருவள்ளூர், பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமங்களை வளைத்துப் போட்ட தொகுதி. புதியது பொதுத் தொகுதி. விமான நிலையத்தையும் தொழிற்பேட்டையையும் மின்சார ரயில் பாதையையும் சுற்றி வளர்ந்த ஊர்களின் தொகுதி. வாக்காளர்களில் பெரும்பாலோரை மாற்றிவிட்டார்கள், ஆனால் ஜெயிக்கிற பக்கம் நிற்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை. ஏன் என்பதைத்தான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய தொகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பெரிய பெயர் மரகதம் சந்திரசேகர். நேரு காலத்திலேயே துணை அமைச்சராக இருந்தவர். இந்திரா குடும்பத்துக்கு நெருக்கமானவர். 1984, 89, 91 என்று மூன்று முறை இங்கிருந்து போனார். மூன்று முறையும் அ.தி.மு.க. கூட்டணி இருந்தது. 89இலும் 91இலும் அந்தக் கூட்டணி தமிழ்நாட்டையே வாரிக்கொண்டு போனது. 91இல் 39க்கு 39. கிராமத்துத் தொகுதியில் கூட்டணிதான் எல்லாம். இரண்டு கழகங்களில் எதுவோ ஒன்றின் கிளைச் செயலாளர் இல்லாத ஊர் கிடையாது. அவர் கூட்டிக்கொண்டு வந்தால் கை சின்னத்துக்கும் ஓட்டு விழும், இலைக்கும் விழும்.

அந்த 1991 தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்த இடத்தில்தான் மே 21 ராத்திரி ராஜீவ் காந்தியைக் கொன்றார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியவர் போரூரில் பேசினார், பூந்தமல்லியில் பேசினார், பத்து மணிக்கு மேல் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தார். இன்றைய வரைபடத்தில் அந்தப் பாதையை வைத்துப் பாருங்கள். போரூர் இப்போது நம் தொகுதிக்குள், பூந்தமல்லி திருவள்ளூர்த் தொகுதிக்குள், ஸ்ரீபெரும்புதூர் மறுபடி நம் தொகுதிக்குள். ஒரே ரோட்டில் வெளியே போய் உள்ளே வர வேண்டும். அந்தக் கொலைக்குப் பிறகு இந்த ஊரின் பேர் உலகத்துக்கே தெரிந்துபோனது. எங்கள் எம்.பி. தொகுதியின் பேரைச் சொன்னால் வெளிமாநிலத்துக்காரர்கள் இன்றும் முகம் மாறுவார்கள். நினைவகத்தை 2003இல் திறந்தார்கள்.

அப்போது நாங்கள் எங்கே இருந்தோம்? ஆலந்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் தென் சென்னைத் தொகுதியோடு ஒட்டிக்கொண்டிருந்தோம். மயிலாப்பூர், தியாகராய நகர் ஆட்களோடு சேர்ந்து ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். பேருக்குத்தான் சேர்த்தி. மயிலாப்பூர்க்காரருக்கு நாங்கள் "அவுட்டர்".

இந்த ஊர்கள் எல்லாம் வேலையைத் தேடி வந்தவர்கள் கட்டிய ஊர்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இலேயே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது. அதுவே பாதி வேலையைச் செய்துவிட்டது. பாரிமுனையில் குமாஸ்தா வேலை பார்ப்பவர் பல்லாவரத்தில் அரைக் கிரவுண்டு வாங்கிக் கிணறு தோண்டிக் குடியேறினார். குரோம் லெதர் கம்பெனி வந்த இடம் குரோம்பேட்டை ஆயிற்று. பரங்கிமலையில் கன்டோன்மென்ட், மீனம்பாக்கத்தில் விமான நிலையம், தாம்பரத்தில் விமானப்படை. வடக்கே அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள், பத்து வருஷம் கழித்து டன்லப், அதன் பின்னாடி தொழிற்பேட்டை. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம். அதன் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். வேலை வாய்ப்பின் ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒரு ஜில்லாவே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியது. திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள் மளிகைக் கடை வைத்தார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் ஆபீசுக்குப் போனார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் கம்பெனி ஷிப்டுக்குப் போனார்கள்.

இந்தப் பகுதியில் அரசியல் என்றால் பழையவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 1967. பரங்கிமலைச் சட்டமன்றத் தொகுதியில் எம்.ஜி.ஆர். தி.மு.க. வேட்பாளர். ஜனவரி 12ஆம் தேதி அவருடைய ராமாவரம் தோட்டத்து வீட்டிலேயே எம்.ஆர். ராதா சுட்டார். கழுத்தில் கட்டோடு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த போட்டோவைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டினார்கள். வேட்பாளர் ஒரு தெருவுக்குக்கூட வரவில்லை, ஆனாலும் ஜெயித்தார். வேட்பாளர் வராமலே ஜெயிக்கலாம் என்கிற பாடத்தைப் புறநகர் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது என்று நான் சொன்னால் எங்கள் தெருவில் சிலர் கோபித்துக்கொள்வார்கள். 71இலும் அங்கேதான் நின்றார், ஜெயித்தார். 77இல் முதலமைச்சர் ஆனபோது அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார்.

1984இல் தென் சென்னையில் வைஜயந்திமாலா காங்கிரஸ் வேட்பாளர். எதிரே இரா. செழியன். நாடாளுமன்றத்தில் நல்ல பேர் எடுத்தவர், புள்ளிவிவரத்தோடு பேசுகிறவர். நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஆண்கள் எல்லாம் செழியன் கட்சி. "டீச்சர், நடிகைக்கா போடப் போறீங்க?" என்று பெண்களைக் கேலி பண்ணினார்கள். வைஜயந்திமாலா ஜெயித்தார். இந்திரா காந்தி செத்த அனுதாபம், எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அனுதாபம், இரண்டும் சேர்ந்த தேர்தல் அது. செழியன் இல்லை, யார் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள். 89இலும் வைஜயந்திமாலாவே ஜெயித்தார். 1996இலிருந்து தென் சென்னை தி.மு.க.வின் டி.ஆர். பாலுவுடையது. 96, 98, 99, 2004 என்று வரிசையாக நான்கு.

2008 தொகுதி மறுவரையறையில்தான் எல்லாம் புரண்டது. தென் சென்னையிலிருந்து ஆலந்தூரையும் தாம்பரத்தையும் பிடுங்கினார்கள். பல்லாவரம், அம்பத்தூர், மதுரவாயல் என்று மூன்று புதிய சட்டமன்றத் தொகுதிகளை உண்டாக்கினார்கள். இந்த ஐந்தோடு பழைய தொகுதியின் ஞாபகார்த்தமாக ஸ்ரீபெரும்புதூர்ச் சட்டமன்றத் தொகுதியையும் சேர்த்து, அதன் பேரையே முழுத் தொகுதிக்கும் வைத்துவிட்டார்கள். எம்.பி. பதவிக்கு இருந்த ஒதுக்கீடு போனது. பக்கத்தில் திருவள்ளூரும் காஞ்சிபுரமும் தனித் தொகுதிகள் ஆயின. ஸ்ரீபெரும்புதூர்ச் சட்டமன்றத் தொகுதி மட்டும் தனித் தொகுதியாகவே நீடிக்கிறது. ஆக, தொகுதிக்குப் பேர் கொடுத்த ஊர் ஆறில் ஒரு பங்கு. தலைவிதியைத் தீர்மானிப்பது மீதி ஐந்து.

2009 தேர்தலைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். தென் சென்னையை விட்டுவிட்டு டி.ஆர். பாலு இங்கே வந்தார். தொகுதி மாறிவிட்டார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். என் கணக்கில் பாதிதான் மாறினார். ஆலந்தூரும் தாம்பரமும் அவருக்கு நான்கு முறை ஓட்டுப் போட்ட இடங்கள்தானே? அந்த இரண்டும் அவரோடு கூடவே வந்தன. அதுவரை மத்தியில் தரைவழிப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர். 2008இல்தான் கத்திப்பாரா மேம்பாலம் திறந்திருந்தது. எதிரே நின்றவர் பா.ம.க.வின் ஏ.கே. மூர்த்தி. செங்கல்பட்டுத் தொகுதியில் இரண்டு முறை எம்.பி., வாஜ்பாய் அரசில் ரயில்வே இணை அமைச்சர். ரயிலும் ரோடுமே வாழ்க்கையாகிப்போன ஒரு தொகுதியில் ரயில்வே முன்னாள் அமைச்சரும் ரோடு அமைச்சரும் மோதினார்கள். யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் வரை தி.மு.க.வோடு மத்திய அரசில் இருந்த பா.ம.க., தேர்தலுக்குச் சற்று முன்னால் அ.தி.மு.க. பக்கம் தாவியிருந்தது. வட மாவட்டத்து வன்னியர் ஓட்டு, அ.தி.மு.க. ஓட்டு, ஆளுங்கட்சி மேல் கோபம் மூன்றும் கூடினால் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். தப்பான கணக்கில்லை. மே 13 வாக்குப்பதிவு. இலங்கையில் முள்ளிவாய்க்காலில் போர் முடிய ஐந்து நாள் இருந்த நேரம். டீக்கடையில் மேம்பாலத்தைப் பற்றிப் பேசியவர்களை விட அந்தப் போரைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். முடிவு: பாலு 3,52,641, மூர்த்தி 3,27,605. வித்தியாசம் 25,036. தே.மு.தி.க. தனியாக நின்று 84 ஆயிரம் ஓட்டு வாங்கியிருந்தது. விஜயகாந்த் அந்த வருஷம் கூட்டணிக்குப் போயிருந்தால் இந்தத் தொகுதியின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும். மாநிலத்தில் தி.மு.க. அணி 27 இடம் பிடித்தது. ஸ்ரீபெரும்புதூர் வழக்கம்போல அந்த 27இல் ஒன்று.

அதற்குப் பிறகு நெருக்கமான போட்டியே கிடையாது. 2014இல் ஜெயலலிதா யாரோடும் கூட்டு வைக்காமல் 37 இடம் ஜெயித்த அலை. அ.தி.மு.க.வின் கே.என். ராமச்சந்திரன் 5,45,820 வாங்கினார். தி.மு.க.வில் எஸ். ஜெகத்ரட்சகன் 4,43,174. பாலு அந்த முறை தஞ்சாவூருக்குப் போய்த் தோற்றார். 2019இல் திரும்பி வந்தார்: 7,93,281. எதிரே பா.ம.க.வின் வைத்திலிங்கம் 2,85,326. வித்தியாசம் 5,07,955. 2024இல் பாலு 7,58,611, அ.தி.மு.க.வின் ஜி. பிரேம்குமார் 2,71,582. வித்தியாசம் 4,87,029.

இந்த எண்களைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். 2009இல் முதல் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது 6,80,246. பத்து வருஷம் கழித்து ஒரே ஆள் அதைத் தாண்டி வாங்குகிறார். அதே ஆறு சட்டமன்றத் தொகுதிகள், அதே எல்லை. அந்தப் பத்து வருஷத்தில் அவ்வளவு ஜனம் வந்து சேர்ந்திருக்கிறது. போரூரிலும் அய்யப்பன்தாங்கலிலும் ஐ.டி. கம்பெனிக்காரர்களின் அடுக்குமாடிகள், முடிச்சூர்ப் பக்கம் ஏரி ஓரத்து மனைகள். 2024இல் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர் உள்ள மக்களவைத் தொகுதி இதுதான், 23 லட்சத்துக்கு மேல். 2009இல் பா.ம.க. போட்ட கணக்கு 2019இல் செல்லாமல் போனதற்கு அரசியல் காரணம் ஆயிரம் சொல்லலாம். எனக்குத் தெரிந்த காரணம் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. சாதியை வைத்துக் கணக்குப் போட, தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அடுத்த போர்ஷனில் இருப்பவர் பேரே தெரியாத ஊரில் எந்தக் கட்சி மாவட்டச் செயலாளர் கணக்குப் போடுவார்?

அலையோடு போகிற பழக்கத்துக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கிராமத்துத் தொகுதியில் கூட்டணி ஆட்களைக் கூட்டி வந்தது. புறநகரில் கூட்டி வர ஆள் இல்லை, சொந்தம் இல்லை, ஊர்ப்பெரியவர் இல்லை. வேட்பாளரைத் தெரியாது. திறந்த ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டு போனவர் யாரென்று கேட்டால் சின்னத்தைச் சொல்வார்கள். அதனால் டி.வி.யில் எந்தக் காற்று அடிக்கிறதோ அது நேராக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சட்டமன்றத் தேர்தலிலும் இது தெரியும். 2011இல் ஆறும் அ.தி.மு.க. அணிக்கு. மதுரவாயலில் மார்க்சிஸ்ட் கட்சியின் பீம்ராவ், ஆலந்தூரில் தே.மு.தி.க.வின் பண்ருட்டி ராமச்சந்திரன் உட்பட. 2021இல் ஆறும் தி.மு.க. அணிக்கு.

நடுவில் 2016 மட்டும் மூன்றுக்கு மூன்று. ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் தி.மு.க.வுக்கு, அம்பத்தூர், மதுரவாயல், ஸ்ரீபெரும்புதூர் அ.தி.மு.க.வுக்கு. மாநிலத்தில் ஜெயலலிதாவே மறுபடி ஆட்சிக்கு வந்தார். இந்த ஒரு முடிவை நான் வரைபடத்தோடு வைத்துப் பார்ப்பேன். ஆறு மாதத்துக்கு முன்னால் 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு பெருக்கெடுத்தபோது முழுகியவை முடிச்சூர், அனகாபுத்தூர், மணப்பாக்கம். தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் பக்கத்து ஊர்கள். அரசாங்கத்தின் மேல் கோபித்துக்கொண்ட மூன்று தொகுதிகளும் ஆற்றங்கரையில் இருக்கின்றன. காரணம் அது ஒன்றே என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏரி இருக்கிற ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியே ஆளுங்கட்சிக்குத்தானே போட்டது? ஆனாலும் காற்றை விட்டுத் தண்ணீரைப் பார்த்து ஓட்டுப் போட்ட ஒரே தேர்தல் அதுவாக இருக்கலாம்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. ஓட்டுப் போடாதவர்கள். 2024இல் மாநிலத்தில் 69.72 சதவீதம் பதிவானது, இங்கே சுமார் 60. பத்திரிகைகள் வருஷா வருஷம் "நகரவாசிகளின் அலட்சியம்" என்று எழுதும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி இறங்கியவளுக்கு அதைப் படித்தால் எரிச்சல் வரும்.

ஹஸ்தினாபுரம் பக்கம் ஒரு வீடு. கீழே மூன்று போர்ஷன், மேலே மூன்று போர்ஷன், மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. பட்டியலில் அந்தக் கதவு எண்ணுக்கு 22 பேர். உள்ளே போய்க் கேட்டால் அதில் வீட்டுக்காரர் குடும்பம் நான்கு பேர்தான் இருக்கிறார்கள். மற்ற பேர்கள் பத்து வருஷத்துக்கு முன்னால் குடியிருந்தவர்கள். ஒருவர் மறைமலைநகர் போய்விட்டார், ஒருவர் துபாய், ஒரு அம்மாள் காலமாகிவிட்டார். இப்போது குடியிருக்கிற ஆறு குடும்பத்தில் ஒருவர் பேரும் பட்டியலில் இல்லை. "படிவம் 6 தரேன், சேர்த்துக்கறீங்களா?" என்றால் அந்தப் பெண் வீட்டுக்காரர் இருக்கும் பக்கம் பார்ப்பாள். குரலைத் தாழ்த்தி, "வேண்டாம் டீச்சர், ஓனர் ஒத்துக்க மாட்டாரு" என்பாள். விலாசத்தில் பேர் ஏறிவிட்டால் வாடகைக்கு இருப்பவர் வீட்டையே எழுதி வாங்கிக்கொள்வார் என்று ஒரு பயம் வீட்டுக்காரர்களுக்கு. எங்கிருந்து வந்த பயமோ தெரியாது. வாடகை ஒப்பந்தமே பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். பதினொரு மாதம் ஒரு வீட்டில் இருக்கிறவள் எந்த எம்.பி.யைக் கேள்வி கேட்பாள்?

குடிபோனவர், இறந்துபோனவர், இல்லாதவர் என்று தனியாக ஒரு பட்டியல் தேர்தல் நாளன்று பூத்தில் தருவார்கள். ஏ.எஸ்.டி. லிஸ்ட் என்போம். கிராமப் பூத்தில் அது அரைப் பக்கம் இருக்கும். எங்கள் ஊர்ப் பூத்தில் பக்கம் பக்கமாகப் போகும். சதவீதம் போடும்போது இவர்களும் கீழே வகுக்கும் எண்ணில் இருப்பார்கள். செத்தவரும் துபாய் போனவரும் ஓட்டுப் போட வரவில்லை என்று குரோம்பேட்டைக்காரரைத் திட்டினால் எப்படி?

மீதிப் பேருக்கு ஓட்டு ஊரில் இருக்கிறது. இங்கே ரேஷன் கார்டு, கேஸ், பிள்ளைகள் பள்ளிக்கூடம். ஓட்டு மட்டும் சங்கரன்கோவிலிலோ திட்டக்குடியிலோ. கேட்டால், "ஊர்ல போடலைன்னா மதிப்பிருக்காது டீச்சர்" என்பார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் சித்தப்பாவோ மச்சானோ நிற்பார். ஒரு ஓட்டில் ஜெயிப்பு தோல்வி நடக்கிற இடம் அது. இங்கே நாலே முக்கால் லட்சம் வித்தியாசத்தில் என் ஒரு ஓட்டு என்ன பண்ணும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2019 தேர்தல் ஏப்ரல் 18, வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி. அதற்கு முந்தின ராத்திரி கோயம்பேட்டில் பஸ் கிடைக்காமல் ஜனம் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தது. தடியடி வரை போனது. ஓட்டுப் போடுவதில் அலட்சியம் என்று யாரைச் சொன்னார்களோ, அதே ஜனம்தான். ஓட்டுப் போட 600 கிலோமீட்டர் போக நின்றவர்கள்.

இதையும் தாண்டி, இரும்புக் கம்பி வளைக்கிற, ஓட்டலில் பரிமாறுகிற, கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிற வடமாநிலத்துப் பையன்கள். ஒரு அறையில் எட்டுப் பேர். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இங்கே இல்லை. ஊரில் இருந்தாலும் ஒரு நாள் ஓட்டுக்காகப் பீகாருக்குப் போய்வரக் காசு இல்லை. தொகுதியின் உண்மையான ஜனத்தொகைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஒரு சின்ன ஜில்லாவையே போட்டு மூடலாம்.

என்னைக் கேட்டால், இந்தத் தொகுதியில் ஓட்டுக்கு நேரடியாகப் பலன் கண்டது எம்.பி. தேர்தலில் இல்லை, நகராட்சியில்தான். ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு 1990களின் கடைசியில் வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று ஜனங்களிடமே வைப்புத் தொகை வாங்கியது. ஆர்.எஸ். பாரதி தலைவர். தெருவுக்குத் தெரு கூட்டம் போட்டுக் கேட்டார்கள், ஜனம் கொடுத்தது. இந்தியா முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதே பாரதி 2014 ஆலந்தூர் சட்டமன்ற இடைத்தேர்தலில் நின்றபோது, மக்களவைத் தேர்தலோடு சேர்ந்து நடந்த அந்த அலையில் தோற்றார். சாக்கடை போட்டவருக்கும் ஓட்டு விழவில்லை, மேம்பாலம் போட்டவருக்கு 25 ஆயிரம்தான் மிஞ்சியது. 2011இல் அம்பத்தூர், ஆலந்தூர் நகராட்சிகளைச் சென்னை மாநகராட்சி விழுங்கியது. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கத்தைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். நகராட்சித் தலைவர் வீடு எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மேயரைப் பார்க்க மனுக் கொடுத்து நிற்க வேண்டும்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பேர்கள் நீங்கின. அதில் மூன்றில் இரண்டு பங்கு இடம் மாறிப்போனவர்கள் என்றார்கள். எங்களுக்கு ஆச்சரியமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் என் வீட்டு வாசலில் ஜனம் படிவத்தோடு உட்கார்ந்திருந்தது. படிவத்தில் 2002, 2005 காலத்துப் பட்டியலில் உங்கள் பேரோ அப்பா அம்மா பேரோ எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். பல்லாவரம் என்ற சட்டமன்றத் தொகுதியே அப்போது கிடையாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் தாம்பரத்தில் தேடு, இல்லையென்றால் ஆலந்தூரில் தேடு என்று சொல்ல வேண்டியிருந்தது. அம்பத்தூரில் இருக்கும் என் நாத்தனார் வில்லிவாக்கத்துப் பட்டியலில் போய்த் தன் பேரைக் கண்டுபிடித்தாள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அப்பா பேர் ஒரு தொகுதியில், அம்மா பேர் பிறந்தகத்துத் தொகுதியில்.

மேல் போர்ஷனில் புதிதாக வந்திருக்கிற தென்காசிக் குடும்பத்துக்கு மூன்று நாள் ராத்திரி செல்போனில் தேடிக் கொடுத்தேன். கடைசியில் அப்பா பேர் கிடைத்தது. கீழப்பாவூர்ப் பக்கம், பாகம் எண், வரிசை எண் எல்லாம் சரியாக இருந்தது. இப்போ ரெண்டு இடத்திலும் இருக்க முடியாதும்மா, ஊரா இங்கேயா என்று ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். புருஷன் ஊர் என்றான். அவள் அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "இங்கேயே எழுதுங்க டீச்சர். தேர்தலுக்குத் தேர்தல் நாலு பேருக்கு ஆம்னி பஸ் டிக்கெட் போட இவரு கம்பெனியில போனஸா தராங்க?"